தம்புள்ளைக் குகையும் என் இரண்டு மணித்தியால நித்திரையும்

இரவில் வாடகை வான் ஓட்டுகிறவனுக்கு நித்திரையும் வேலையில் ஒரு பங்கு. திருகோணமலையில் சனத்தை ஏற்றி, விடியமுன் புறப்பட்டு, தம்புள்ளைப் புத்தர் குகைகள் இருக்கிற மலையடியில் இறக்கிவிடுவேன். அவர்கள் மேலே நிற்கிற இரண்டு மணித்தியாலமும் நான் கீழே சீட்டைச் சரித்துப் படுக்கவேண்டும். முதலாளி போட்ட ஒரே சட்டம் அது. கண் எரிய எரிய ஸ்டியரிங் பிடித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

முழங்கால்

சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு மீன்பிடிக் குடும்பம். பெரியவருக்கு முழங்கால் ஏலாது. படியேற என் தோளைக் கேட்டார். எட்டு வருடம் அந்த மலையடியில் படுத்தெழும்பினவன் அன்றுதான் மேலே போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், மேடுபள்ளமான பாறைக்கூரை முழுக்க ஓவியம். பாறை வளைகிற இடமெல்லாம் கோடும் சேர்ந்து வளைகிறது. பெரியவர் முழங்காலை மறந்து அண்ணாந்து நின்றார்.

"காத்தடிச்சா ஆடும் போல கிடக்கு, தம்பி. எங்கட வள்ளத்துப் பழைய பாய்ச்சீலையில ஆரோ படம் கீறின மாதிரி."

வாசலில் ஒரு கோடு

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஏறினேன். வீட்டில் பகல் நித்திரை எனக்கு எப்போதும் அரைகுறைதான். அந்தக் கூரைக்குக் கீழே மட்டும் மனம் ஓரிடத்தில் நின்றது. பழைய புத்தகங்கள் தேடி நானாகவே படித்தேன். இப்படியான குகைகளின் வாசலுக்கு மேலே பாறையில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். வழிந்து வருகிற மழைத்தண்ணீர் அதில் தட்டி வெளியே சொட்டிவிடும். உள்ளே இருந்த பிக்குமார் நனையமாட்டார்கள்.

எங்கள் வானின் பக்கக் கதவோ மாரி முழுக்க ஒழுகும். கதவுக்கு மேலே அதேபோல ஒரு ரப்பர் பட்டியை ஒட்டினேன். ஒழுக்கு நின்றது. கிண்ணியாவிலிருந்து வந்த முதலாளி அதைத் தடவிப் பார்த்து, எங்கே பழகினது என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப நீங்க கீழ படுக்கிறல்ல. இனிப் படுக்காம வான எடுத்தா, சாவியத் தந்திட்டுப் போங்க."

கால்விரல்

தம்பலகாமத்துப் பள்ளிக்கூட ரீச்சர்மாரோடு போன அன்றும் ஏறினேன். திரும்பி வரும்போது முன்சீட்டில் இருந்த ரீச்சருக்கு நான் விளக்கமும் சொல்லிக்கொண்டு வந்தேன்: படுத்திருக்கிற புத்தருக்கு இரண்டு பாதத்து விரல்களும் சமமாக இருந்தால் நித்திரை, மேல் பாதம் சற்றுப் பின்வாங்கியிருந்தால் பரிநிர்வாணம், உயிர் பிரிந்த நேரம்.

ஹபரணை தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் வான் ரோட்டை விட்டுச் சரளைக்கல்லில் இறங்கியது. கண் மூடியது எனக்கே தெரியாது. ரீச்சர்தான் ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்துத் திருப்பினார். காட்டோரம் நிறுத்தினேன். ரீச்சர் மூச்சு வாங்கி, மெல்லக் கேட்டார்.

"அண்ணை, இப்ப உங்கட கால்விரல் எப்பிடி இருக்கு?"

நானே போன் எடுத்து நடந்ததைச் சொன்னதால் முதலாளி சாவியை என்னிடமே விட்டுவிட்டுத் தம்புள்ளை ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். இப்போது விமான நிலையத்துக்குப் போகிற வழியில் அந்த மலையடியை இருட்டில் கடக்கும்போதெல்லாம், அண்ணாந்து பார்க்காமல் கால்விரலை ஒருதரம் அசைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.