தம்பி விளையாடும் வரி

"எங்கள் வீட்டைச் சுற்றித் தென்னை மரங்கள் உள்ளன." மகள் கட்டுரையைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருப்பதோ ஒரு கடைக்கு மேலே, மாடியில்.

"நம்மட வீட்டுல தென்ன எங்க புள்ள?"

"ரீச்சர் தந்தது உம்மா. இப்படித்தான் எழுதணுமாம்."

கல்முனையில் நான் நாலாம் வகுப்புப் படித்த வருசம் கண்முன் வந்தது. சூறாவளி அடித்து ஓய்ந்து, பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த கிழமை. வகுப்புக்குக் கூரை இல்லை. எழுதும் கொப்பியெல்லாம் சேற்று மணம். ஊரில் நிமிர்ந்து நின்ற தென்னையைக் காண்பதே அரிது. ரீச்சர் வழமைபோல 'எனது வீடு' கட்டுரையைக் கரும்பலகையில் எழுதினார். நாங்களும் வழமைபோல ஓர் எழுத்துப் பிசகாமல் பார்த்தெழுதினோம். விழுந்த தென்னைகளெல்லாம் கொப்பியில் நிமிர்ந்து நின்றன.

அடுத்த வரி, 'என் தம்பி முற்றத்தில் விளையாடுவான்.'

என் பக்கத்தில் இருந்த றஹ்மா அதை எங்களுக்கு முன்னமே எழுதிவிட்டு எழும்பினாள். "ரீச்சர், எங்கட தம்பி மவுத்தாகிட்டான். சுவர் விழுந்து."

ரீச்சர் டஸ்டரைத் தேடவில்லை. உள்ளங்கையாலேயே அந்த வரியை அழித்தார். பலகையில் உள்ளபடியே எழுதிப் பழகிய நாங்கள் கொப்பியிலும் ஒரு வரி இடம் விட்டோம்.

ரீச்சர் றஹ்மாவிடம் வந்து அழிறப்பரை நீட்டினார். "நீயும் அழிச்சிரு மகள்."

றஹ்மா கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எழுதிட்டன் ரீச்சர். அது கிடக்கட்டும்."

"என் தம்பி முற்றத்தில் விளையாடுவான்" என்று அடுத்த வரிக்கு வந்தாள் என் மகள். அவளுக்குத் தம்பி இல்லை. நான் திருத்தவில்லை.