கணவாய்க்கு எந்தப் பக்கம் வீடு

அட்டனிலிருந்து அதிகாலை ரயிலில் வந்து நானுஓயாவில் இறங்கினேன். கந்தப்பளையில் படிப்பிக்கும் தோழி தேவகி நிலைய வாசலில் நின்றாள். ஆசிரியர் கலாசாலையில் என்னுடன் படித்தவள்.

டிசம்பர் விடுமுறையில் நாங்கள் இருவரும் முதுகுப்பையுடன் மூன்று நாள் நடப்பதாகத் திட்டம். கந்தப்பளையிலிருந்து தோட்டப் பாதைகளில் நானுஓயா, அங்கிருந்து மலைத்தொடரைக் கடந்து பூண்டுலோயா. அந்தத் தொடரின் கணவாய் வரை முன்கூட்டியே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றது நான்தான். அன்று வந்தது அதற்குத்தான். என் மகனுக்கு இரண்டு வயது. குளிர் கூடினால் மூச்சு இழுக்கும். அட்டன் கடைவீதியில், கடையோடு சேர்ந்த எங்கள் வீட்டில் மாமியாரிடம் விட்டு வந்திருந்தேன். அவனை இரண்டு இரவு விட்டுவிட்டு இருக்க முடியுமா என்பது தெரியாமல் மற்ற எதையும் என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

தோட்டத்தின் கடைசி லயத்து வரிசை வீடுகள் வரை ஆட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். வழியில் ஒவ்வொரு சந்தியிலும், இங்கிருந்து அவசரமாக அட்டன் போவது எப்படி, இரவில் வாகனம் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"போறதுக்கு ஒரு வழியும் கேக்கலயே டீச்சர், திரும்பி வர்றதுக்கு மட்டும் நாலு வழி கேட்டுட்டீங்க" என்றார் ஓட்டுநர். தேவகி சிரித்தாள்.

லயத்தில் பார்வதி என்ற கொழுந்து பறிக்கும் பெண், லீக்ஸும் கரட்டும் நிறைந்த சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். மலைக்கு அந்தப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கையின் மகளுக்குச் சடங்காம். ரோட்டில் சுற்றிப் போவதைவிட இதுதான் லேசு என்றார். உச்சி வரை அவருடன் சேர்ந்துகொண்டோம். அட்டைக்குப் பயந்து காலெல்லாம் சவர்க்காரம் பூசினோம்.

லயத்தைத் தாண்டியதும் கைபேசியில் சிக்னல் போனது. தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கியது. பாதை ஓராள் அகலம். ஓர் ஓடை, பிறகு நேர் ஏற்றம். பதினொரு மணிக்குக் கணவாயில் நின்றோம். காற்று காதை அடைத்தது. சிக்னல் வந்தது. மாமியாரின் தவறிய அழைப்புகள் மூன்று. திரும்ப அழைத்தேன்.

"காலையில இருந்து லேசா இழுக்குது. இன்ஹேலர் அடிச்சு விட்டேன், இப்ப பரவால்ல. பதறாத. ஆனா சுருக்கா வந்துரு" என்றார்.

நான் வந்த பாதையிலேயே திரும்பி இறங்கத் தொடங்கினேன்.

"எங்கங்க போறீங்க?" என்றார் பார்வதி. "அங்கிட்டு எறங்கி, ஆட்டோ புடிச்சு, ரயிலுக்கு வேற காத்துக்கிட்டு நிக்கணும். இங்கிட்டு எறங்குனா ரோட்டுலயே தலவாக்கலை பஸ்ஸு. ஒங்க வீட்டுக்கு இதாங்க கிட்ட."

அவர் பின்னாலேயே அந்தப் பக்கம் இறங்கினோம். அந்த இறக்கத்தைப் பற்றி எழுத என்னிடம் அதிகமில்லை. பார்வதியின் முதுகுச் சாக்கு மட்டுமே நினைவிருக்கிறது. தேவகி சடங்குச் சாப்பாட்டுக்கு நின்றுவிட்டாள். நான் பஸ் ஏறினேன்.

மூன்றரைக்கு வீடு. மகன் கடை மேசைமேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். நெஞ்சில் காது வைத்தேன். இழுப்புச் சத்தம் மெலிதாகத்தான் இருந்தது.

"பாக்கத்தானே போன? தாண்டியே வந்துட்டியே" என்றார் மாமியார்.

அவனைத் தோளில் போட்டுக்கொண்டே திட்டத்தை மாற்றினேன். இரண்டாம் நாள் நண்பகலுக்குள் கணவாயைக் கடக்க வேண்டும். அன்றிரவு பார்வதியின் தங்கை வீட்டில் தங்கலாம். உச்சியைத் தாண்டிவிட்டால் போகும் வழியும் திரும்பும் வழியும் ஒன்றுதான், அட்டனை நோக்கித்தான் நடக்கிறேன். அதற்கு முந்தைய ஓர் இரவில் இவனுக்கு இழுத்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் என்னிடம் இன்னும் பதில் இல்லை. தேவகியிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.