மாமரத்தில் கட்டிய செருப்பு

நான் குடியிருக்கும் புந்தோங்கில், பக்கத்து வீட்டு மாமரம் கருகி நிற்கிறது. கிளையில் பழைய செருப்பு. அடியில், காய்ந்த மண்மீது, உரம் குவிந்து கிடக்கிறது.

"யாரு கண்ணு பட்டுச்சோ தெரியலண்ணே," என்கிறார் வீட்டுக்காரர், என்னையே பார்த்துக்கொண்டு.

உர நெடி மூக்கில் ஏறியதும் பெரியப்பாதான் நினைவுக்கு வந்தார். எழுபதுகளில், பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் மண்டோர், கூலியாட்களை மேய்க்கும் கங்காணி. லயத்து வீட்டு வாசலில் தான் நட்ட மாமரத்துக்கு ஒரு நாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. அடுத்த வீட்டுச் செல்லம்மா அக்காதான் தினமும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுவார்.

ஒரு கடும் வெயில் காலத்தில், உச்சிப் பொழுதில், தோட்டத்து உரத்தை வாளி நிறையக் கொட்டினார் பெரியப்பா.

"வெள்ளைக்காரன் உரம்லா! ஒரே வாரத்துல பாரு!"

பார்த்தோம். இலை கருகிப் பிஞ்செல்லாம் உதிர்ந்தது.

"வேரு வெந்துபோச்சுண்ணே, நெறைய தண்ணி ஊத்தணும்," என்று வாளியோடு ஓடிவந்தார் அக்கா.

"ஒன் கண்ணுதான் எரிச்சிருச்சு. இந்தப் பக்கமே வராதலா!"

அவரை விரட்டிவிட்டு, திருஷ்டி கழியச் செருப்பைக் கட்டினார். மரம் செத்தது. செருப்பு தொங்கவேண்டிய கழுத்து, அந்த மரத்தடியிலேயே நாற்காலி போட்டுச் சுருட்டுப் பிடித்தது.

பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் என்னையே பார்க்கிறார். நான் அவர் கழுத்தைப் பார்க்கிறேன்.