சுற்றுக்கு நாலு அடி

பொன்னமராவதியில் நான் காப்பிக்கொட்டை வறுத்து விற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தவில்காரர் கடைக்கு வந்தார். அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்க வந்தவர். கல்யாண வீட்டுக்கு நான் தூள் கொடுத்தால்தான் அவருக்குக் காப்பி. குட்டையான, கனத்த ஆள். கை சும்மா இருக்காது. வந்ததுமே என் தகர டப்பாவில் விரல்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

நானோ எரிச்சலில் இருந்தேன். கொட்டை வறுக்கும் இரும்புப் பீப்பாய் இரண்டு சிறு உருளைகளின் மேல் சுழலும். காலையிலிருந்து அது சுற்றச் சுற்றத் தடதடத்தது. பீப்பாய் நெளிந்துவிட்டது என்று சுத்தியலை ஓங்கினேன்.

"அடிக்காதீங்க!" என்று கத்தினார் அவர். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைத் தொட்டுப் பீப்பாயில் ஒரு பொட்டு வைத்தார். "இப்பச் சுத்துங்க."

கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். பொட்டைப் பார்த்தபடி தொடையில் தாளம் போட்டவர் துள்ளி எழுந்தார்.

"சுத்துக்கு நாலு அடி விழுதுங்க! பீப்பா நெளிஞ்சிருந்தா உருளைக்கு ஒண்ணா ரெண்டுதானே விழணும்? வேகமாச் சுத்துற சின்ன உருளையிலதான் கோளாறு. அங்கிட்டுப் பாருங்க!"

ஓர் உருளை ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் பீப்பாய் சாயும் என்று, பட்டறைக்கு ஓடி இரண்டையும் புதிதாக வாங்கி வந்து மாட்டினேன். சத்தமே இல்லை! நான் குதித்தேன்.

அவர் முகம் மட்டும் வாடிவிட்டது. "போச்சே! நல்ல தாள நடைங்க அது."

சாயங்காலம் கூட்டத்தோடு நின்று கேட்டேன். தவில் உச்சத்துக்கு ஏறியபோது திடுக்கிட்டேன். என் பீப்பாயின் பழைய தடதடப்பு! ஊரே கைதட்டியது. என் வலது கை மட்டும் காற்றில் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது.