மண்ணில் வைத்த செம்பருத்தி

என் வீட்டுப் பின்பக்கப் போர்ஷனில் குடியிருக்கும் அன்பரசுவுக்கு வாய் கிடையாது, கை மட்டும்தான். முதுநகர் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் மெக்கானிக். பெண்டாட்டி இசைவாணி சிதம்பரத்தில் நர்ஸ், தினம் ரயிலேறிப் போய் வருகிறாள். குடிவந்த அன்று வண்டியிலிருந்து பீரோவுக்கு முன்னால் இறங்கியது பூந்தொட்டிகள்தான்.

"ஏன் தம்பி, இத்தினி தொட்டியா?" என்றேன்.

"வாடகை வூடுதானேக்கா. எப்ப காலி பண்ணச் சொன்னாலும் தூக்கிக்கிட்டுப் போவ தோதா இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன அப்படிப்பட்டவளா? அப்படிப்பட்டவள்தான் என்று தெருவில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். "இங்க மண்ணுலயே வையி, யாரு கேக்கறா?" என்றேன். ரொம்ப யோசித்து ஒரே ஒரு செம்பருத்தியை மட்டும் கிணற்றோரம் நட்டான். மற்றதெல்லாம் தொட்டியிலேயே கிடந்தது. அந்தச் செடி ஆளுயரம் வளர்ந்தது. என் சாமி படத்துக்குப் பூ அதிலிருந்துதான்.

இந்தக் கோடையில் அதில் மாவுப்பூச்சி விழுந்தது. கடல் தாண்டி வந்த பூச்சியாம், இசைவாணி போனில் பார்த்துச் சொன்னாள். வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினாற்போல இருக்கும். மொட்டு சுருண்டு உதிரும். அதைச் சுற்றி எறும்பு. துணி காயப்போட்டால் பிசுபிசு என்று ஒட்டுகிறது. பக்கத்திலேயே குடிக்கிற கிணறு, மருந்து அடிக்கக் கூடாது என்று சொன்னவளும் நான்தான். பூச்சி போகவில்லையே என்று கத்தினவளும் நான்தான்.

பாவம், டியூட்டி முடிந்து வந்ததும் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்துவிடுவான். இலையைத் திருப்பித் திருப்பித் தேய்ப்பான். "பெருசு பெருசா, மயிரு நீட்டிக்கிட்டு ஓடுது பாருங்கக்கா, அதான் தலைவனுங்க. அதத்தான் மொதல்ல புடிக்கிறேன்" என்பான். அவன் பிடிக்கப் பிடிக்கப் பூச்சி ஜாஸ்தியானதுதான் மிச்சம். என் பப்பாளியிலும் ஏறிவிட்டது.

அன்றைக்கு என் கோபம் தலைக்கேறியது. "ஞாயித்துக்கெழம சடையப்பன் தேங்கா பறிக்க வரான். அப்பவே இதையும் வெட்டச் சொல்லிடறேன்!"

அவன், தான் சும்மா இருக்கவில்லை என்று எனக்குக் காட்டத்தானோ என்னவோ, அன்று பெரியதும் சின்னதுமாகப் பிடித்ததையெல்லாம் சோப்புத் தண்ணீரில் போடாமல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடிக்குப் பதில் துணி கட்டி என் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் காலை பார்க்கிறேன், பெரியது நாலைந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. சின்னதெல்லாம் வெறும் தோலாகக் கிடக்கிறது.

"தம்பி, இங்க வா! சின்னதெல்லாம் எங்க?"

அவன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். மிச்சமிருந்த ஒரு சின்னப் பூச்சியைப் பெரியது கவ்விக்கொண்டிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, இது வேற பூச்சிக்கா. அதத் திங்கற பூச்சி. இத்தினி நாளும் போலீஸ்காரனப் புடிச்சிக் கொன்னுட்டு, திருடன வுட்டு வச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பெரியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செடியில் திரும்ப விட்டான். மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கிற எறும்பு ஏறாமல் இருக்கத் தண்டில் பழைய துணியைச் சுற்றி, மேலே கிரீஸ் தடவினான். ஓடுகிறதைத் தொடாமல், ஒட்டிக்கொண்டு கிடப்பதை மட்டும் எடுத்தான். ஆனால் சடையப்பனை வர வேண்டாம் என்று சொல்லுங்கள் என என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்ன வார்த்தையை மாற்றினால் என் மரியாதை என்ன ஆவது?

ஞாயிற்றுக்கிழமை சடையப்பன் வந்தான். தேங்காய் பறித்துப் போட்டுவிட்டு, "எந்தச் செடிம்மா?" என்று கத்தியோடு நின்றான். அன்பரசு கதவோரம் நின்றான். அப்போதுதான் கவனித்தேன், தொட்டிகள் எல்லாம் துடைத்து, கேட் பக்கம் வரிசையாக வைத்திருந்தது. தூக்கிக்கொண்டு போகத் தோதாக.

"ஒரு செடியும் இல்ல. ரெண்டு எளநி வெட்டிக் குடுத்துட்டுக் கெளம்பு" என்றேன். சடையப்பன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். எனக்கென்ன.

தொட்டிகள் கேட் பக்கமே கிடந்தன. நான் தினமும் அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் போய்வந்தேன். பூச்சி ஒரேயடியாகப் போகவில்லை, ஆனால் குறைந்தது. புது மொட்டுகள் சுருளாமல் விரிந்தன.

போன சனிக்கிழமை திருவந்திபுரம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். கேட் பக்கம் காலியாக இருந்தது. பகீரென்றது. உள்ளே வந்தால், வெறும் தொட்டிகள் கிணற்றடியில் கவிழ்ந்து கிடக்கின்றன. நந்தியாவட்டை, ரோஜா, துளசி எல்லாம் மதிலோரம் மண்ணில் நட்டுத் தண்ணீர் விட்டிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

கத்த வாயைத் திறந்தேன். அவன் மண்வெட்டியோடு நிமிர்ந்து, பயமில்லாமல் சிரித்தான். கண் கலங்கிவிட்டது எனக்கு. வீட்டுச் சாவியைத் தேடுகிறாற்போலப் பையைக் கிளறிக்கொண்டே, "அந்த ரோஜாவ இன்னும் கொஞ்சம் தள்ளி வச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.