எல்லாரும் உள்ளே போன பிறகு கதவு

என் முதல் பாவசங்கீர்த்தனத்தில் நான் சொன்ன பெரிய பாவம் சீன எழுத்தைப் பற்றியது. நாகல் நகரில் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சீன எழுத்தில் என்ன பாவம் என்று கேட்பீர்கள்.

அப்பாவின் அக்கா கன்னியாஸ்திரி. வருஷத்துக்கு ஒரு தடவை பத்து நாள் லீவில் வருவார். அந்தப் பத்து நாளும் நான் அவர் பக்கத்தில்தான் படுப்பேன், செபமாலைக்கும் அவர் மடிதான். அந்த வருஷம் ஒரு சீனப் பாடப் புத்தகமும் கட்டம் போட்ட நோட்டும் கொண்டுவந்தார். அவரைத் தைவானில் இருக்கிற மடத்துக்கு அனுப்பப் போகிறார்களாம்.

"நாப்பத்தஞ்சு வயசுல உனக்கு ஆனா ஆவன்னாவாக்கா? இந்தக் கோழிக் கிறுக்கல் வரலைன்னா?" என்று அப்பா கேலி செய்தார்.

"பரீட்சை இருக்குடா தம்பி. ஃபெயிலானா அனுப்ப மாட்டாங்க. இங்கேயே மடத்துல சாம்பார் வச்சுக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கோ அது வேதவாக்கு. ஃபெயிலானால் அத்தை போக மாட்டார்.

சீன எழுத்தைக் கண்டபடி எழுதக் கூடாது. எந்தக் கோடு முதலில், எது அடுத்து என்று ஒவ்வொன்றுக்கும் வரிசை உண்டு. புத்தகத்தில் கோட்டுக்குப் பக்கத்திலேயே பொடிப்பொடியாக நம்பர் போட்டிருக்கும். "எனக்கு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நீ பாத்துச் சொல்லு தாயி, நான் எழுதுறேன்" என்றார் அத்தை.

வயல் என்பதற்கு ஓர் எழுத்து. எங்கள் வீட்டு ஜன்னல் மாதிரி, பெட்டிக்குள் ஒரு கூட்டல் குறி. முதலில் இடது சுவர், பிறகு கூரையும் வலது சுவரும் ஒரே இழுப்பில், பிறகு உள்ளே கூட்டல் குறி, கடைசியில்தான் அடிக்கோடு. நம்பரை நன்றாகப் பார்த்துவிட்டு, "முதல்ல பெட்டியை முழுசா அடைச்சிருங்க அத்தை, அப்புறம் உள்ள போடுங்க" என்றேன்.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். "அப்படியா தாயி?"

"அப்படித்தான்."

அப்படியே எழுதினார். எழுதி முடித்தால் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். ஆனால் பரீட்சையில் பக்கத்தில் நின்று பார்ப்பார்களே! ஒன்பது நாள், எழுத்துக்கு எழுத்து மாற்றி மாற்றிச் சொன்னேன். பக்கம் பக்கமாக எழுதினார், ஒவ்வொரு தடவையும் என் வாயைப் பார்த்து.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முன்னால் எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். வெல்லம் திருடியது, தம்பியைக் கிள்ளியது எல்லாம் சொல்லிவிட்டு இதையும் அழுதுகொண்டே சொன்னேன். வலைக்கு அந்தப் பக்கம் சாமியாருக்கு வெகுநேரம் இருமல் வந்தது. பிறகு, "மூணு அருள்நிறைந்த மரியே சொல்லு. அத்தைகிட்டப் போய்ச் சரியான வரிசையைச் சொல்லிரு" என்றார்.

அன்றைக்கு அருள்நிறைந்த மரியே மட்டும்தான் சொன்னேன். மறுநாள் பூசை முடிந்து, வாசலில் ஆட்டோ வந்து நின்ற பிறகுதான் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அக்கா, பஸ்ஸு போயிரும்" என்று அப்பா பறந்தார்.

"செத்த நேரம் இருடா." அத்தை படியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"அத்தை, முதல்ல இடது சுவரு..." என்று ஆரம்பித்தேன். மீதியை நான் சொல்லும்வரை அத்தையின் கை நிற்கவில்லை. சுவர், கூரை, கூட்டல் குறி. அடிக்கோட்டுக்கு முன்னால் மட்டும் பேனா நின்றது.

"எல்லாரும் உள்ள போயாச்சு. கதவைச் சாத்திரலாமா தாயி?"

தலையாட்டினேன். சாத்தினார். என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

ஆண்டவர் செய்த புதுமை, அற்புதம் என்றே நம்பினேன். நான் பாவத்தைச் சொன்ன மறுநாளே ஆண்டவர் அத்தைக்குச் சரியான வரிசையைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்! தெருவில் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

தீர்ந்துபோன நோட்டை எனக்கே விட்டுப் போயிருந்தார். முதல் பக்கத்தைப் பிரித்தேன். மேலே போட்டிருந்த தேதிப்படி, லீவில் வருமுன் மடத்தில் இருக்கும்போதே எழுதியது. ஒரு சுவர் மட்டும். அடுத்தது, சுவரும் கூரையும். அடுத்தது, உள்ளே கூட்டல் குறி, கீழே திறந்தபடி. கடைசியில் மூடின பெட்டி. பக்கம் முழுக்க இதே. இத்தனை வீட்டையும் அத்தை ஏன் அரைகுறையாகக் கட்டி வைத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பாவம், மழை பெய்தால் உள்ளே போனவர்கள் என்ன செய்வார்கள் என்று, எல்லாவற்றுக்கும் கிரயானால் சிவப்பு ஓடு போட்டு வைத்தேன்.