சிவப்பை அழித்த அன்வர்

ஞாயிறு காலை வானகரம் ஃபிளாட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது நம் அலுவலகத்தின் இந்த வாட்ஸாப் குழுவில் செய்தி வந்தது. நம் அன்வர் போய்விட்டான், மாரடைப்பு. ஒருவர் பின் ஒருவராகக் கும்பிடும் கை பொம்மையை அனுப்பிக்கொண்டிருந்தீர்கள். எரிச்சலாக வந்தது. ஒருவராவது போன் செய்து பேசியிருக்கலாம். நானும்தான் செய்யவில்லை.

அவனைத் தெரியாத புதியவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட் ஆபீஸில் அவனும் நானும் பக்கத்து நாற்காலி. வண்டி உதிரிபாகங்களின் படத்தைப் பார்த்து, விரிசல் உண்டா என்று கம்ப்யூட்டரே சொல்லும் மென்பொருள் எங்களுடையது. எந்த இடத்தைப் பார்த்து அப்படி முடிவு செய்தது என்பதைப் படத்தின் மேல் சிவப்பும் மஞ்சளுமாகப் பூசிக் காட்டுவோம். பார்க்க வருகிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஆவடிப் பக்கம் ஒரு வார்ப்பு ஆலையில் அதைப் பொருத்தினோம். மறுவாரம் போனால், சிவப்பு காட்டிய பாகங்களெல்லாம் தரையில் வரிசையாகக் கிடக்கின்றன. “சூடா கீதுன்னுதான காட்டுது? ஆறட்டும்னு வெச்சிகீறோம். அப்பால அனுப்புற பெட்டில போட்ருவோம்” என்றார் சோதனைப் பிரிவு செல்வி அக்கா. விரிசல் என்று கீழே ஆங்கிலத்தில் இருந்த வரியை யாரும் படிக்கவில்லை. அத்தனையும் விரிசல் விட்ட பிரேக் பாகங்கள்! எனக்கு அக்கா மேல் கோபம்தான் வந்தது. அன்வர் என்னைத்தான் முறைத்தான். “அக்கா கரெக்டாதான் படிச்சிகீறாங்க மாமே. நாமதான் தப்பா காட்டிகீறோம்.”

அன்றைக்கே வண்ணத்தை எடுத்துவிட்டான். படம் முழுவதையும் மங்கலாக்கி, கம்ப்யூட்டர் பார்த்த இடத்தை மட்டும் வெளிச்சமாக விட்டான். பக்கத்தில், நல்ல பாகம் ஒன்றின் அதே இடம். டல்லாக இருக்கிறதே என்றார் மேலதிகாரி. “புரியுதான்னு கேட்டா எல்லாரும் புரியுதுன்னுதான் சார் சொல்வாங்க. இன்னா தெரியுதுன்னு கேளுங்க” என்றான். டீக்கடைக்காரர், செக்யூரிட்டி, தென்காசியில் இருக்கும் என் அம்மா என்று ஒருவரையும் விடாமல் படத்தைக் காட்டிக் கேட்டான்.

இப்போது மதியச் சாப்பாட்டை மேஜையிலேயே முடித்துக்கொள்கிறேன். அவன் இல்லாமல் கேன்டீனுக்குப் போகப் பிடிக்கவில்லை.

போன வாரம் பூந்தமல்லியில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். “எம் புள்ள இன்னாதான் வேலை செஞ்சான் தம்பி? கேட்டா சிரிப்பான், சொல்ல மாட்டான்” என்றார் அவனுடைய அத்தா. அவன் கடைசியாகச் செய்த படத்தைப் போனில் திறந்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெளிச்சமான இடத்தில் விரலை வைத்தார். “இங்க விரிசல் உழுந்துகீது. பக்கத்துல கீறது நல்லது. அதான?”

அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருக்கிறேன். அத்தாவுக்குப் புரிந்துவிட்டதடா என்று போன் போட்டுச் சொல்ல, இந்த ஊரில் எனக்கு அவனைத் தவிர வேறு யாரும் இல்லை.